மூச்சு வாங்கும் இடம்

மானிட்டூ ஸ்பிரிங்ஸில் காலை ஏழு மணி.
நாற்பத்தாறு வயசு, ஊதாக் காலணி,
நெஞ்சில் நான்கு ஊக்குகளில் தொங்கும் 1187.
ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் மூச்சுக்காட்டவில்லை.
தணிகைவேல் மட்டும் மூச்சுக்கு முந்நூறு தடவை
"பாத்துப் போ, பாத்துப் போ" என்றுவிட்டு
பற்சக்கர ரயிலுக்கு டிக்கெட் எடுத்தான்.
உச்சியில் சந்திப்பதாகப் பேச்சு.
என் ஸ்வெட்டர் அவனிடம்.

ஒரே மூச்சில் ஏறிவிடுவேன் என்று
எங்கேயும் நான் சொன்னதில்லை.
ஆனாலும் முதல் மைல் ஓடினேன்,
ஊர் பார்க்கிறதே.
காப்பிக் கடை வாசலில் ஒருவர் மாட்டுமணி குலுக்கினார்.
அந்தச் சத்தம் தேயும்வரை ஓட்டம்.
அப்புறம் நடை.

பைன் மரங்களுக்குள் பாதை மடங்கி மடங்கி
அதே பாறையை மூன்று பக்கமிருந்தும் காட்டியது.
செம்புழுதி, சரளை, முன்னே போகிறவரின் கெண்டைக்கால்.
அதில் பச்சை குத்தியிருந்தது மீன்,
கெண்டையில்லை, ட்ரவுட்.
இரண்டு மணி நேரம் அதைப் பார்த்தே ஏறினேன்.
ஒரு வளைவில் மீன் நீந்திப் போய்விட்டது.

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
யாரிடம் வாங்குகிறது என்று கேட்டதேயில்லை.
கடல் மட்டத்தில் இலவசம்,
ரேஷன் கார்டுகூட வேண்டாம்.
பத்தாயிரம் அடியில் கடைக்காரன் தராசை வெளியே எடுத்தான்.
பதினோராயிரத்தில் அரைக் கிலோ கேட்டால் கால் கிலோ,
மீதிச் சில்லறை இல்லையாம்.
அதற்கும் மேலே
பொட்டலம் கட்டித்தான் கொடுத்தான்;
பிரித்தால் வெறும் காகிதம்.

எனக்குப் பின்னால் ஒரே ஒருத்தி.
லோர்னா. ஆரஞ்சு நிறச் சட்டை.
கடைசி ஆளுக்கும் கடைசியாக வருவது அவள் வேலை.
பந்தியில் மெதுவாகச் சாப்பிடுகிறவர் அருகே
இலை எடுக்க நிற்கிறவள் மாதிரி,
அவசரப்படுத்தவில்லை, விலகவுமில்லை.
பெயர் கேட்டாள்.
"தேன்" என்றேன்.
இரண்டு வளைவு தாண்டி
"மொழி" என்றேன்.

மரங்கள் முடிகிற இடத்தில்
ஒரு மடக்கு மேசை, கடிகாரம், கத்தரிக்கோல்.
பாறைமேல் கொழுத்த மர்மோட் ஒன்று
என்னைப் பார்த்து விசிலடித்தது.
நான்கு நிமிஷம் தாமதம்.
மேசைக்காரர் மன்னிப்புக் கேட்டபடியே
எண்ணின் கீழ் ஓரத்தை வெட்டினார்,
நகம் வெட்டுகிற சத்தம்.

அழுகை வருமென்று காத்திருந்தேன்.
அதற்கும் மூச்சு வேண்டும்.
வந்தது சந்தோஷம்,
மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி
வெட்கங்கெட்ட சந்தோஷம்.
அதன் அடியிலிருந்து மெதுவாகக் கோபம்.
எட்டு மாசம்.
விடியுமுன் பனியில்,
ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தின் ஆறு மாடிப் படிகளில்,
ஏறி இறங்கி ஏறி.
அந்த நான்கு நிமிஷத்தை எங்கே தொலைத்தேன்?
நாடா கட்டக் குனிந்தபோதா?
ஓடையோரம் நீலப் பூச்செடி முன்னால்
சும்மா நின்றேனே, அங்கேயா?
அதென்றால் திருப்பித் தர மாட்டேன்.

லோர்னா ஒரு புட்டியை நீட்டினாள்.
வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர்.
குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.
சாம்பல் நிறக் கல்லடுக்கில் எறும்பு வரிசை ஊர்ந்தது.
ஏதோ ஒரு எறும்பின் காலில் ட்ரவுட் இருக்கும்.

இறங்கினோம்.
வளைவுக்கு வளைவு கடைக்காரன்
பழைய பாக்கியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தந்தான்.
ஒரு முழு வாக்கியம் பேசினேன்,
லோர்னாவின் நாயைப் பற்றி.
இன்னொன்றும் பேசினேன், அதே நாய்.

இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது.
"டோனட் வாங்கிட்டேன். சுடச்சுட. எங்க இருக்க?"

விரல்கள் வீங்கியிருந்தன.
நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்:
"ஆறிடும். நீ சாப்பிடு."